மெஷ் போட்டும் லப்டொப், போன் எல்லாம் 2.4இலயே ஒட்டிக்கொண்டு நிக்குது

மூண்டாம்மாடி, வெள்ளவத்தை:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ. சுருக்கிக் கேட்டால் "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" எண்டுதான் பதில் வரும். அதெல்லாம் செய்தாச்சு.

காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில ஒரு ஒழுங்கை, அதில மூண்டாம் மாடி. 950 சதுர அடி, அகலம் குறைவு, நீளம் கூட. வாசலோட ஹோல், பிறகு ஒரு கொரிடோர். அதின்ர ஒரு பக்கம் குசினியும் சாமியறையும், மற்றப் பக்கம் அம்மாவின்ர அறை. கடைசியில கடற்பக்கத்து அறை. நான் வேலை செய்யிறது அங்கதான். பின்னேரம் ரெண்டு மணிக்குத் தொடங்கி இரவு வரைக்கும் லண்டன் ஆக்களோட மீட்டிங். ஃபைபர் வாற இடம் ஹோலில வாசல் கதவுக்குப் பக்கத்தில. பக்கேஜ் 100 எம்பிபிஎஸ்.

பின்னறைக்கு நெட் வரேல்லை எண்டுதான் மெஷ் (ஒரே வைஃபையைப் பல பெட்டியால வீடு முழுக்கப் பரப்பிற சாமான்) வாங்கினது. மூண்டு பெட்டி. ஒண்டு ஹோலில, ஒண்டு குசினியில ஃப்ரிட்ஜுக்கு மேல, ஒண்டு என்ர அறையில இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில. ஆப்பைத் திறந்தால் மூண்டும் பச்சை. சிக்னல் கோடு எங்க நிண்டு பார்த்தாலும் முழுசு.

ஆனால் லப்டொப்பில வைஃபை ப்ரொப்பர்டீஸைத் திறந்து பார்த்தால் பாண்ட் (அலைவரிசை) எண்ட இடத்தில 2.4 கிகாஹேர்ட்ஸ், தூரம் போற ஆனால் மெதுவான அலை. ஸ்பீட் 20, 25. அந்த இடத்திலயே இருந்து வைஃபையை நிப்பாட்டித் திரும்பப் போட்டால் வேகமான 5 கிகாஹேர்ட்ஸுக்குப் போய் 85, 90 தருது. லப்டொப்பை மூடித் திறந்தால் சில நேரம் திரும்ப 2.4. கரண்ட் ஒருக்காப் போய் வந்தால் கேக்கவே தேவையில்லை, வீட்டில இருக்கிற எல்லாம் 2.4. அவற்ற அண்ட்ரொய்ட் போனும் அப்பிடித்தான், வேலையால வந்து மணித்தியாலக் கணக்கா 2.4இலயே நிக்கும். அம்மா டொரொன்டோவில இருக்கிற தங்கச்சியோட டப்லெட்டில கதைக்கேக்க படம் அப்பிடியே உறைஞ்சு போகுது. டிவி எதில நிக்குது எண்டு எனக்குத் தெரியாது. ஸ்மார்ட் பிளக் ரெண்டு, ஒரு பிரிண்டர், அதுகளும் வைஃபையிலதான்.

சிக்னல் முழுசா இருக்கேக்க ஏன் கெட்டதைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது? புதுசா வைஃபை 7 மெஷ் வாங்கச் சொல்லி ஒரு ஆள் சொல்லுறார். அதுக்குக் காசில்லை, மனமும் இல்லை.

---

கொட்டாஞ்சேனைத்தம்பி:

அக்கா, ரெண்டு பாண்டுக்கும் வேற வேற பேர் வையுங்கோ. போனிலயும் லப்டொப்பிலயும் 5இன்ர பேரை மட்டும் வைச்சிட்டு மற்றதை "ஃபோர்கெட்" குடுங்கோ. எங்கட வீட்டில அதோட பிரச்சினை முடிஞ்சுது.

இன்னொண்டு, கம்பனிக்காரர் தந்த ரவுட்டரின்ர வைஃபை ஓஃபில இருக்கா? கன பேர் பழைய பேரையும் பாஸ்வேர்டையும் அப்பிடியே மெஷ்ஷுக்கும் வைக்கிறவை. அப்ப போன் மெஷ்ஷில நிக்குதோ பழைய பெட்டியில நிக்குதோ எண்டே தெரியாது.

---

மூண்டாம்மாடி:

தம்பி, கம்பனிப் பெட்டியின்ர வைஃபை நிப்பாட்டித்தான் இருக்கு, இப்பவும் ஒருக்காப் போய்ப் பார்த்தன். பேரைப் பிரிக்க இந்த ஆப்பில வழியில்லை. பிரதான நெட்வேர்க்கில 2.4, 5 எண்டு ரெண்டு சுவிச் இருக்கு, பேர் ஒண்டுதான். அதைவிட "ஐஓடி நெட்வேர்க்" எண்டு, பிளக் மாதிரிச் சாமானுகளுக்குத் தனியா ஒண்டு தொடங்கலாம் எண்டு காட்டுது. நான் அதைத் தொடேல்லை.

---

பழையவயர்மன், தெஹிவளை:

தங்கச்சி, சிக்னல் கோடு முழுசா நிக்கிறதுதான் உங்கட வருத்தமே.

எந்தப் பாண்டில நிக்கிறது எண்டு முடிவெடுக்கிறது ரவுட்டர் இல்லை. லப்டொப்பும் போனும்தான். மெஷ் பெட்டியில பெரிசா அச்சடிச்சிருக்கிற "பாண்ட் ஸ்டியரிங்" எண்டதெல்லாம் ஒரு வகைக் கெஞ்சல். 802.11வி எண்ட முறையில "அங்கால 5இல இடமிருக்கு, போறியா?" எண்டு மெஷ் கேக்கும். போன் போகலாம், மாட்டன் எண்டும் சொல்லலாம், விதியே அப்பிடித்தான் எழுதியிருக்கு. 802.11கே பக்கத்தில என்னென்ன இருக்கு எண்டு பட்டியல் குடுக்கும். 802.11ஆர் மாறுற நேரத்தைக் குறைக்கும். மூண்டில ஒண்டுகூட போனைப் பிடிச்சுத் தள்ளாது. சில மெஷ் கேட்டும் போகாட்டில் இணைப்பை வெட்டிப்போடும். போன் ஒரு செக்கனில திரும்ப வந்து அதே 2.4இல ஏறும்.

ஐஃபோன் எப்ப வேற இடம் தேடத் தொடங்கும் எண்டதை ஆப்பிள் வெளிப்படையாவே எழுதி வைச்சிருக்கு. இப்ப நிக்கிற சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்கு (சிக்னலை அளக்கிற அலகு) கீழ விழவேணும். விழுந்தாப் பிறகும் புது இடம் 8 டெசிபல் கூடுதலா இருக்கவேணும், டேட்டா ஓடாமல் சும்மா கிடந்தால் 12. மக் கம்பியூட்டர் மைனஸ் 75 வரைக்கும் அசையாது. மற்றக் கம்பனிகள் கணக்கை இப்பிடி வெளியில சொல்லுறது குறைவு, ஆனால் குணம் ஒண்டுதான். (இதில எண் கூடக் கூட சிக்னல் குறைவு, மைனஸ் 45 நல்லம், மைனஸ் 80 மோசம்.)

உங்கட 950 சதுர அடியில மூண்டு பெட்டி. எந்த மூலையில நிண்டாலும் 2.4 மைனஸ் 50க்குப் பக்கத்தில இருக்கும். மைனஸ் 70 எப்ப வரப்போகுது? வராது. வராதபடியால் போன் தேடவே தேடாது.

முதல்ல ஏன் 2.4இல ஏறுது எண்டு கேப்பீங்கள். உங்கட அவர் வேலையால வாறார். படியேறி ரெண்டாம் மாடி திரும்பேக்கயே போனுக்கு உங்கட வீட்டு 2.4 கேக்கும். 5 அந்தக் கொங்கிறீட் தட்டையும் சுவரையும் தாண்டி அவ்வளவு தூரம் வராது. கேட்டதைப் பிடிச்சிடும். கதவைத் திறந்து உள்ள வந்தால் 2.4 இன்னும் நல்லாகுது. அதுக்குப் பிறகு 5 பக்கத்தில வந்து நிண்டாலும் போனுக்கு என்ன அவசரம்?

கரண்ட் கதை வேற, அது எனக்குப் பிடிச்ச கதை. ஒரு பாண்டுக்குள்ள இருக்கிற தனித்தனிப் பாதையைத்தான் சானல் எண்டுறது. 5இல 52இலயிருந்து 64 வரைக்கும், 100இலயிருந்து 144 வரைக்கும் உள்ள சானல்கள் ரேடாரோட பங்குபோடுற சானல்கள். அதில நிக்கிற பெட்டி எழும்பின உடன வாய் திறக்கக்கூடாது. ஆகக் குறைஞ்சது 60 செக்கன் ரேடார் ஏதும் இருக்கோ எண்டு காது குடுத்துக் கேக்கவேணும். 120, 124, 128 பக்கம் வானிலை ரேடாருக்குரியது, ஐரோப்பிய விதிப்படி அங்க 10 நிமிசம். 2.4க்கு இந்தத் தொல்லை ஒண்டுமில்லை, உடன வந்திடும். அப்ப கரண்ட் வந்த முதல் நிமிசத்தில வீட்டில இருக்கிற எல்லாத்துக்கும் கேக்கிறது 2.4 மட்டும்தான். எல்லாம் ஓடிப்போய் அதில ஏறும். ஏறினதுகள் இறங்காது, காரணம் மேல சொன்னதுதான். உங்கட ஆப்பில 5இன்ர சானல் எத்தினை எண்டு பாருங்கோ. 52க்கு மேல, 144க்குள்ள நிண்டால் நான் சொல்லுறது சரி.

கையால மாத்த விட்டால் 36இல வையுங்கோ. விடாட்டில் மெஷ் பெட்டிகளுக்கும் சின்ன யூபிஎஸ் குடுங்கோ. 2022இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தில கொழும்பில பாதிப் பேர் ரவுட்டருக்கு எண்டு ஒரு 12 வோல்ட் பெட்டி வாங்கினவை, உங்கட அலுமாரியிலயும் ஒண்டு கிடக்கும். கொழுவ முதல் மெஷ் அடப்டரில எழுதியிருக்கிற வோல்டும் அம்பியரும் பொருந்துதோ எண்டு பாருங்கோ.

இனி வேலை. ஒரு பெட்டியைக் கழட்டுங்கோ. ஆர் வித்தவரோ தெரியாது, இந்த ஃபிளாட்டுக்கு மூண்டு கூட. 2.4இல ஒண்டோட ஒண்டு மோதாத சானல் 1, 6, 11 எண்டு மூண்டுதான். வீட்டு மெஷ்ஷுகள் கனக்க தங்கட பெட்டி எல்லாத்தையும் ஒரே சானலிலதான் நிப்பாட்டும். அதாவது உங்கட மூண்டு பெட்டியும் ஒண்டு கதைச்சு முடியும்வரைக்கும் மற்ற ரெண்டும் வாயை மூடிக்கொண்டு நிக்குது. அதுக்கு மேல பக்கத்து ஃபிளாட்டுகள், கீழ் வீடு, எதிர் மாடி. வெள்ளவத்தையில 2.4இல 20 வருது எண்டதே பெரிய விசயம்.

கழட்ட வேண்டியது குசினிப் பெட்டி. ஃப்ரிட்ஜ் ஒரு இரும்புப் பெட்டி, பக்கத்தில மைக்ரோவேவ் அவனும் இருந்தால் அது வேலை செய்யிறதும் 2.45இலதான். பின்னறைப் பெட்டியை இரும்பு அலுமாரியில இருந்து விலத்தி, ஹோல் பெட்டியை நேரா பார்க்கக்கூடியமாதிரி கொரிடோர் வாயில வையுங்கோ. 5க்கு நேர்பார்வை கிடைச்சால் போதும், தூரம் பெரிய விசயமில்லை. ரெண்டு பெட்டிக்கும் இடையில வயர் இழுத்தால் இன்னும் விசேசம், ஏனெண்டால் ரெண்டு பாண்ட் மெஷ்ஷில பெட்டியும் பெட்டியும் கதைக்கிறதும் அதே 5இலதான், வேகம் பாதியாகும். கெட் 5ஈ போதும், 100 மீற்றர் வரைக்கும் ஒரு கிகாபிட் ஓடும். ஆனால் புறக்கோட்டையில மலிவு எண்டு வாங்கிறவை நுனியைச் சுரண்டிப் பாருங்கோ. மேல செம்பு நிறம், உள்ள வெள்ளை எண்டால் அது அலுமினியம். வாடகை வீட்டுச் சுவரில ஒருக்கா இழுத்தால் அது அங்கயேதான், நல்லதா இழுங்கோ.

அடுத்தது, 2.4இன்ர பவரைக் குறைக்க ஆப்பில இடமிருந்தால் "லோ"வில விடுங்கோ. சானல் அகலம் 20 மெகாஹேர்ட்ஸ். பவரைக் குறைக்கச் சொன்னால் ஆக்கள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறவை, காசு குடுத்து வாங்கின சிக்னலை ஏன் குறைக்கிறது எண்டு. 2.4 கொஞ்சம் மோசமாகினால்தான் மற்றது கண்ணில படும்.

பவர் மாத்த விடாத ஆப் எண்டால், நீங்கள் தொடாமல் விட்ட அந்த ஐஓடி நெட்வேர்க்தான் உங்களுக்கு வழி. அதைத் தொடங்கி 2.4இல மட்டும் விடுங்கோ, வேற பேர். பிளக், பிரிண்டர், பழைய சாமான் எல்லாத்தையும் அதுக்கு மாத்துங்கோ. பிறகு பிரதான நெட்வேர்க்கில 2.4 சுவிச்சை ஓஃப் பண்ணுங்கோ. தம்பி சொன்ன பேர் பிரிக்கிற வேலைதான் இதுவும், வேற வாசலால போறம்.

லப்டொப்புக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி. இன்டெல் வைஃபை கார்ட் எண்டால் டிவைஸ் மனேஜரில அதின்ர அட்வான்ஸ்ட் பக்கத்தில "ப்ரிஃபேர்ட் பாண்ட்" எண்டு இருக்கும், 5ஐத் தெரிவு செய்யுங்கோ. போனுகளில அப்பிடி ஒண்டு பொதுவா இல்லை.

வைஃபை 7 வாங்கினாலும் போன் இதே போன்தானே.

---

கல்கிசை_கடற்கரை:

வயர்மன் அண்ணை சொன்னதில ஒண்டு மட்டும் நான் வேற மாதிரிச் சொல்லுவன். 2.4ஐ ஒரேயடியா நிப்பாட்டினால் குளியலறை, பல்கனி மாதிரி இடங்களில போன் ஒண்டுமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு விழும், மாதக் கடைசியில பில்லில தெரியும். எங்கட வீட்டில ஏசஸ் ரவுட்டர். அதில ரோமிங் அசிஸ்டன்ட் எண்டு ஒண்டு இருக்கு, சிக்னல் ஒரு அளவுக்குக் கீழ விழுந்தால் அந்தச் சாமானை வெட்டிவிடும், புதுசா வரேக்க அந்த அளவு மைனஸ் 70இல இருக்கும். அதை 2.4இல மட்டும் மைனஸ் 60க்கு ஏத்தி விட்டன். 2.4ஐ வைச்சுக்கொண்டே வேலை நடக்குது. உங்கட ஆப்பில இப்பிடி ஏதும் இருக்கோ எண்டு பாருங்கோ.

---

மூண்டாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க இதுதான் வேலை, அவர் சமைச்சவர்.

முதல்ல சானலைப் பார்த்தன், 100. வயர்மன் அண்ணை, நீங்கள் சொன்ன கரண்ட் கதை அப்பிடியே பொருந்துது. ஹோல் பெட்டியின்ர பிளக்கைக் கழட்டிக் கொழுவிப்போட்டு போனில வைஃபை பட்டியலைப் பார்த்துக்கொண்டு இருந்தன். பேர் வந்தது, 2.4. ஒரு நிமிசத்துக்கு மேல போனாப் பிறகுதான் 5 எட்டிப்பார்த்தது. அதுக்குள்ள டிவி, டப்லெட், பிளக் எல்லாம் ஏறி முடிஞ்சுது. சானலைக் கையால மாத்த இந்த ஆப் விடாது. "ஒப்டிமைஸ்" எண்டு ஒரு பட்டன் இருக்கு, அதை அழுத்த 44க்கு வந்தது. நாளைக்கு எங்க போகுமோ.

குசினிப் பெட்டி இப்ப மேசை லாச்சியில. பின்னறைப் பெட்டியைக் கொரிடோர் முடிவில கதவு நிலைக்கு மேல ஒரு சின்னத் தட்டில வைச்சம். அங்க நிண்டு பார்த்தால் ஹோல் பெட்டி நேரா தெரியுது. லப்டொப் கதிரையில இருந்தபடியே 5, ஸ்பீட் 88. இன்டெல் கார்ட்தான், ப்ரிஃபேர்ட் பாண்டையும் மாத்தியாச்சு. மூடித் திறந்து பார்த்தன், 5இலயே வருது. வயர் இழுக்கேல்லை, வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே யோசிக்கிற ஆள்.

கல்கிசை, ரோமிங் அசிஸ்டன்ட் மாதிரி ஒண்டும் என்ர ஆப்பில இல்லை. அதால ஐஓடி வழிதான் போனன். பல்கனியில போன் இப்பவும் 5 பிடிக்குது, ரெண்டு கோடு. குளியலறையில இல்லைத்தான். அங்க போன் கொண்டுபோறதை நிப்பாட்டச் சொல்லி அம்மா கனகாலமாச் சொல்லிக்கொண்டு இருக்கிறா, அவவுக்குச் சந்தோசம்.

மிச்சம் மூண்டு சிக்கல். டிவியின்ர வைஃபை பட்டியலில 5 வரவே இல்லை. அம்மாவின்ர டப்லெட்டும் அப்பிடித்தான். அடுத்தது, 2.4ஐ நிப்பாட்ட முதல் அவற்ற போனுக்கு மட்டும் ஆப்பில "5இல நிக்கவும்" எண்டு குடுத்துப் பார்த்தன், ஒரு நாள் வேலை செய்தது, அடுத்த நாள் ஆப்பில அதே போன் புதுச் சாமான் மாதிரி வந்து நிண்டுது. கடைசியா, பிரிண்டர் ஐஓடியில ஏறீட்டுது, ஆனால் லப்டொப்புக்கு அதைத் தெரியேல்லை.

---

பழையவயர்மன், தெஹிவளை:

88 நல்லம். 100 பக்கேஜில அதுக்கு மேல ஆசைப்படாதேங்கோ. லாச்சியில இருக்கிற பெட்டியை வித்துப்போடுங்கோ, இல்லாட்டில் ஆருக்கும் குடுங்கோ. சும்மா கிடந்தால் ஒரு நாளைக்குத் திரும்பக் கொழுவத்தான் மனம் வரும்.

போன் புது ஆள் மாதிரி வாறது "பிரைவேட் அட்ரஸ்" எண்ட விசயம். ஆப் ஒவ்வொரு சாமானையும் அதின்ர மக் முகவரியை (மக் கம்பியூட்டர் இல்லை, நெட்வேர்க்கில அந்தச் சாமானுக்குரிய அடையாள இலக்கம்) வைச்சுத்தான் அடையாளம் பிடிக்குது. இப்ப போனுகள் உண்மை முகவரியைக் காட்டாமல் ஒரு பொய் முகவரி போடும். சிலது அதையும் இடைக்கிடை மாத்தும். முகவரி மாறினால் நீங்கள் குடுத்த செட்டிங் அந்தப் பழைய முகவரியோட போச்சு. வீட்டு வைஃபைக்கு மட்டும் அவற்ற போனில அதை நிப்பாட்டுங்கோ, வெளியில போடுற வைஃபைகளுக்கு அப்பிடியே இருக்கட்டும். ஆனால் பிரதான நெட்வேர்க்கில இப்ப 2.4 இல்லைத்தானே, இனி அந்தச் செட்டிங் தேவையும் இல்லை.

டிவியில 5 இல்லாட்டில் பரவாயில்லை. ஹோல் பெட்டிக்குப் பக்கத்திலதானே டிவி? பெட்டிக்குப் பின்னால லான் துளை இருக்கும், வயர் ஒண்டு கொழுவிவிடுங்கோ. கன டிவிகளின்ர லான் துளை 100 எம்பிபிஎஸ்தான், அது தாராளம். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேக்கிறதே 15. டிவி வயருக்குப் போனால் 2.4இல இருந்து ஒரு பெரிய தீனிக்காரர் குறைஞ்சுபோவார், அதில மிச்சம் வாறது அம்மாவின்ர டப்லெட்டுக்கு. வீடியோவில கதைக்க கனக்க வேகம் தேவையில்லை, நெரிசல் இல்லாமல் இருந்தால் சரி. டப்லெட்டை ஐஓடியிலயே விடுங்கோ. படம் இன்னும் உறைஞ்சால் எழுதுங்கோ, பார்ப்பம்.

பிளக்குகளைப் பற்றி யோசிக்காதேங்கோ. அந்த மலிவுப் பிளக்குகளுக்குள்ள இருக்கிற சிப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும்.

பிரிண்டருக்கு, ஐஓடி நெட்வேர்க் செட்டிங்குக்குள்ள "ஐசொலேஷன்" எண்டு ஒரு சுவிச் இருக்கும். அது ஓனில இருந்தால் அந்தப் பக்கச் சாமான் இந்தப் பக்க லப்டொப்பைப் பார்க்காது. ஓஃப் பண்ணுங்கோ. அப்பவும் தெரியாட்டில் பிரிண்டரை லப்டொப்பில இருந்து அழிச்சுப்போட்டு அதின்ர ஐபி முகவரியைக் குடுத்துத் திரும்பச் சேருங்கோ.

---

மூண்டாம்மாடி:

ஐசொலேஷன் ஓனில இருந்தது. ஓஃப் பண்ணினன், பிரிண்டர் வந்திட்டுது. டிவிக்கு வயர் நாளைக்கு, மூண்டு மீற்றர் போதும். சுரண்டிப் பார்த்துத்தான் வாங்குவன்.

---

கொட்டாஞ்சேனைத்தம்பி:

அக்கா, லாச்சிப் பெட்டியை விக்கிறீங்கள் எண்டால் விலையை மெசேஜில சொல்லுங்கோ. எங்கட வீட்டு மேல்மாடிக்கு ஒண்டும் வருதில்லை.